பூஜை அறைக் கதவும் உடைந்த பிளேடுகளும்: செங்கோட்டைப் பட்டறை ஒன்றில் ஸ்க்ரோல் சா பிளேடு தேர்வு குறித்த நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையிலிருந்து புளியரை செல்லும் சாலையில் உள்ள ஒரு தச்சுப் பட்டறை, புனலூரில் கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு வீட்டின் பூஜை அறைக்கு இரட்டைக் கதவு செய்யும் வேலையை ஏற்றிருந்தது. ஆவணியில் பால் காய்ச்சுவதாக வீட்டார் நாள் குறித்திருந்தனர். கதவின் சட்டம் வழக்கமானதுதான். ஆனால் சட்டத்துக்குள் பொருந்தும் தேக்குப் பலகைகளில் படர்கொடியும் இலையும் மொட்டுமாக ஊடறுப்பு வேலை, அதாவது பலகையை ஊடுருவி வடிவங்களை வெட்டியெடுக்கும் வேலை, கேட்கப்பட்டிருந்தது. இதற்கான இயந்திரம் ஸ்க்ரோல் சா: மெல்லிய பிளேடு மேலும் கீழுமாக ஓடி வளைவுகளை அறுக்கும் ரம்பம். பலகை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 அடி உயரமும் 10 அங்குல அகலமும் நாலு நூல் கனமும் கொண்டது. அதாவது அரை அங்குலம், 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதனுடன், அதே கொடி வடிவத்தில் 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் விளக்கு மறைப்புகளும், வீட்டுப் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் வெட்டியெடுத்த அக்ரிலிக் பெயர்ப்பலகை ஒன்றும் சேர்ந்திருந்தன.

செங்கோட்டை வட்டாரம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்திருந்தது. எல்லை மாறிய பிறகும் மர வியாபாரம் மலையைக் கடந்தே நடந்து வருகிறது. ஆரியங்காவு வழியாக மரம் இறங்கி வருகிறது. செய்து முடித்த கதவும் ஜன்னலும் அதே வழியில் ஏறிப் போகின்றன. புனலூர், கொட்டாரக்கரைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் தேக்கு வேலையில் கண் தேர்ந்தவர்கள். பாலீஷ் போட்ட பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே பணம் கொடுப்பார்கள். எனவே இப்பட்டறையில் ஸ்க்ரோல் சா பிளேடுகள் ஒடிந்துகொண்டே இருந்த சிக்கல், பிளேடுக்கு ஆகும் செலவோடு முடிந்துவிடக்கூடியதாக இருக்கவில்லை.

நான் தென்காசியில் தச்சுக் கருவிகள் விற்பதும் பழுது பார்ப்பதுமாக இருப்பவன். பட்டறையின் மூத்த ஆசாரி கைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: “பிளேடு சரியில்ல அண்ணாச்சி. எடுத்து மாட்டுனா ஒடியுது. வேற கம்பெனி இருந்தா குடுத்து விடுங்க.” வேறு கம்பெனிப் பிளேடு ஒன்றும் என்னிடம் இருந்தது, கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் உடைந்தவற்றைப் பார்க்காமல் புதியதைப் பரிந்துரைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒடிந்த துண்டுகளை வீசிவிடாமல் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொண்டு நேரில் சென்றேன்.

உடைந்த துண்டுகள் காட்டியவை

ஒரு பிஸ்கட் டப்பாவில் துண்டுகள் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அவை ஒரே வகையாக உடைந்திருக்கவில்லை. ஒரு பகுதி பிளேடுகள், முனையில் குறுக்காகச் செருகப்பட்டிருக்கும் சிறிய ஊசியின் அருகே, அந்த ஊசிக்காக இட்ட துளையை ஒட்டி அறுந்திருந்தன. இன்னொரு பகுதி நடுவில் ஒடிந்திருந்தது. இவற்றில் சிலவற்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, ஒடிந்த இடத்தின் இருபுறமும் எஃகு நீலம் பாரித்திருந்தது. அங்கே பல்லின் நுனிகள் கூர்மை இழந்து உருண்டு, புள்ளி புள்ளியாக ஒளியைத் திருப்பின. மீதமிருந்தவை ஒடியாமல், வளைந்து திருகிக்கொண்டதால் கழற்றப்பட்டவை.

மட்டமான எஃகு என்றால் உடைவுகளுக்கு இப்படியொரு ஒழுங்கு இருக்காது. ஊசித் துளையில் அறுவது, அளவுக்கு மீறிய விறைப்பினாலோ பிளேடைப் பக்கவாட்டில் திருகியதனாலோ முனையில் சோர்வு ஏறியதைக் காட்டுகிறது. நடுவில் நீலம் பாரித்து ஒடிவது சூட்டின் அடையாளம். மழுங்கிய பல்லைக் கொண்டு பலகையை அழுத்தித் தள்ளும்போதும், வெட்டிய தூள் வெளியேற வழியின்றிப் பல்லிடுக்கில் அடைந்துகொள்ளும்போதும் அந்தச் சூடு பிறக்கிறது. திருகிக்கொண்டவை, பிளேடு திரும்ப முடியாத வளைவில் அதைத் திருப்ப முயன்றதன் விளைவு. மூன்றும் வெவ்வேறு காரணங்கள் போலத் தோன்றினாலும், இயந்திரத்தில் மாட்டியிருந்த பிளேடைக் கண்டதும் மூன்றும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

மாட்டப்பட்டிருந்தது ஊசிமுனைப் பிளேடு. 5 அங்குல நீளம், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அகலம், அங்குலத்துக்கு 18 பல். கொடி, இலை, மொட்டு, பிளைவுட், அக்ரிலிக் என எல்லாவற்றையும் அதே பிளேடால் வெட்டப் பார்த்திருக்கிறார்கள். இயந்திரத்தோடு வந்தது அது. கடையில் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஊசிமுனையா, மொட்டைமுனையா

ஸ்க்ரோல் சா பிளேடுகளில் எண்ணையும் பல்லையும் பார்க்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஊசிமுனைப் பிளேடை மாட்டுவது எளிது. மேலும் கீழும் உள்ள கொக்கியில் ஊசியை அமர்த்தினால் போதும். ஆனால் பலகையின் நடுவில் ஒரு திறப்பை வெட்ட வேண்டுமானால், முதலில் டிரில் போட்டு அந்தத் துளை வழியே பிளேடை நுழைத்தாக வேண்டும். ஊசி நுழைய 4 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை தேவை. ஊசி இல்லாமல் இரண்டு முனையும் மொட்டையாக உள்ள மொட்டைமுனைப் பிளேடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் துளையே போதும்; மிக மெல்லிய எண்களுக்கு அதிலும் சிறியது போதும்.

இந்த வேறுபாடு காகிதத்தில் சிறியதாகத் தெரியலாம். கொடியின் நுனிச் சுருளில் சில திறப்புகள் அகலமான இடத்திலேயே 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அங்கே ஊசிமுனைக்காகத் துளையிட்டபோது, துளையின் விளிம்பு கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அதை மறைக்க மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பியிருந்தார்கள். பாலீஷ் போடாத பலகையில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. சோதனைக்காக ஒரு மூலையில் பாலீஷை ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தபோது, மரம் சிவந்து ரேகை எழும்ப, அப்பிய இடம் மட்டும் வெளிறிய பிறைகளாகத் தெரிந்தது. புனலூர்க்காரர் இதை ஏற்கமாட்டார் என்பதில் பட்டறையில் யாருக்கும் ஐயமில்லை.

அகலமும் இதே கதைதான். ஊசியைச் செருகப் போதிய உடல் வேண்டும் என்பதால் ஊசிமுனைப் பிளேடுகள் பொதுவாக அகலமாகவே வருகின்றன. மெல்லிய ஊசிமுனைப் பிளேடும் மொட்டைமுனையின் நடுத்தர எண்களைவிட அகலமானது. பிளேடு எவ்வளவு சிறிய வளைவில் திரும்பும் என்பதை அதன் அகலமே முடிவு செய்கிறது. வெட்டிய தடத்துக்குள் பிளேடின் முதுகு இடிக்காமல் சுழல வேண்டுமல்லவா? இரண்டரை மில்லிமீட்டர் அகலப் பிளேடை, இரண்டு மில்லிமீட்டர் ஆரமுள்ள சுருளில் திருப்பும்போது முதுகு இரு சுவரையும் உரசுகிறது. உரசலில் மரம் கருகுகிறது. கைக்கு எதிர்ப்புத் தெரிவதால் தள்ளுபவர் இன்னும் அழுத்துகிறார். டப்பாவில் கண்ட நீலமும் திருகலும் அங்கே பிறந்தவை.

இந்த இயந்திரத்தில் மொட்டைமுனை மாட்ட முடியுமா என்று கேட்டபோது, முடியாது என்றே பதில் வந்தது. பெட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். கையேட்டின் அடியில், பிரிக்கப்படாத ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், மொட்டைமுனைப் பிளேடைப் பிடிக்கும் இரண்டு சிறிய கிளாம்புகளும் அவற்றுக்கான ஆலன் சாவியும் இருந்தன.

எண்களும் பல்லும்

மொட்டைமுனைப் பிளேடுகளுக்கு 2/0, 0, 1, 2, 3, 5, 7, 9, 12 என்று எண் இட்டிருப்பார்கள். எண் கூடக் கூட அகலமும் கனமும் கூடும்; பல் எண்ணிக்கை குறையும். எண் 2 ஏறத்தாழ 0.74 மில்லிமீட்டர் அகலமும் 0.3 மில்லிமீட்டர் கனமும் உடையது. அங்குலத்துக்கு 20 பல் வரும். எண் 5 ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைந்த அகலமும் 0.4 மில்லிமீட்டர் கனமும் கொண்டது. 12 அல்லது 13 பல். எண் 9 என்றால் 1.35 மில்லிமீட்டர் அகலம், 11 அல்லது 12 பல். இவை எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான அளவுகள் அல்ல. ஒருவருடைய எண் 5 இன்னொருவருடைய எண் 5-ஐவிடச் சிறிது தடித்திருக்கலாம். ஆகவே எண்ணை மட்டும் சொல்லி வாங்குவதைவிட, உறையில் அச்சிட்டுள்ள அகலத்தையும் பல் எண்ணிக்கையையும் படித்து வாங்குவது நல்லது.

பல் எண்ணிக்கையை மரத்தின் கனத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பற்கள் மரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் நிலைத்த கணக்கு. இந்தப் பட்டறையின் பலகை அரை அங்குலக் கனம். அங்குலத்துக்கு 18 பல் என்றால் ஒரே சமயத்தில் ஒன்பது பற்கள் மரத்துக்குள் இருக்கும். மூன்று இருந்தால் போதும் என்ற இடத்தில் ஒன்பது இருப்பது நல்லதுதானே என்று இளைய ஆசாரி கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் பல் கூடும்போது பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி குறைகிறது. தேக்கின் தூள் எண்ணெய்ப் பசை கொண்டது. அந்தச் சிறிய இடைவெளியை நிரப்பி அங்கேயே இறுகிவிடுகிறது. அதன் பின் பல் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. 12 பல் உள்ள எண் 5 பிளேடில் ஆறு பற்கள் மரத்தில் இருக்கும். இடைவெளி பெரிதாக இருப்பதால் தூள் மேசைக்குக் கீழே விழுந்துவிடுகிறது.

இதே கணக்கை 3 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்குப் போட்டால் விடை தலைகீழாகிறது. ஒரு நூல் கனத்தில் எண் 5-இன் ஒன்றரைப் பல்தான் உள்ளே இருக்கும். பல் தட்டைப் பிடித்து இழுக்கும். தட்டு மேசையில் துள்ளும். அடிப்பக்கத்து அடுக்கு சிராயாகப் பெயரும். 28 பல் உள்ள 2/0 அங்கே பொருத்தமானது, ஆனால் அவ்வளவு மெல்லிய பிளேடைக் கையாளும் பழக்கம் பட்டறையில் இல்லை. மாற்று வழி ஒன்று இருந்தது. விளக்கு மறைப்புகள் எல்லாம் ஒரே வடிவம். நான்கு தட்டுகளை அடுக்கி, ஓரத்தில் டேப் சுற்றிக் கட்டினால் அதுவும் நாலு நூல்தான். தேக்குக்கு மாட்டிய அதே பிளேடு போதும். மேல், கீழ்த் தட்டுகள் நடுத்தட்டுகளைத் தாங்குவதால் சிராயும் குறைகிறது. பிளைவுட்டின் பசை பல்லைச் சீக்கிரம் மழுக்கும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பல்லின் வகை

எண்ணைத் தீர்மானித்த பின்னரே பல்லின் அமைப்பு வருகிறது. கடையில் பலரும் இதிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். அது குழப்பத்துக்கே வழி செய்யும். ஒரு பல் விட்டு ஒரு பல் எடுத்ததுபோல அமைந்த ஸ்கிப் பல் வகை, தூளை நன்றாக வெளியேற்றுவதால் பொது வேலைக்கு ஏற்றது. இரண்டு பல், ஓர் இடைவெளி என்று வரும் இரட்டைப் பல் வகை சற்று மெதுவாக, ஆனால் வழவழப்பான சுவரை விட்டுச் செல்லும். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் மாறி மாறிப் பல் அமைந்த கிரவுன் வகையை எப்படித் திருப்பி மாட்டினாலும் வெட்டும். அரைத்துக் கூராக்கிய கிரவுண்டு பிளேடுகள் விலை கூடியவை. வேகமாகவும் நேராகவும் போகும், பழகாத கையிலோ கோட்டைத் தாண்டிவிடும்.

இந்த வேலைக்கு முடிவாகத் தேர்ந்தெடுத்தது எதிர்ப்பல் உள்ள ஸ்கிப் பிளேடு. காரணம் கதவு. சுவரில் மாட்டும் பலகையாக இருந்தால் பின்பக்கத்துச் சிராயை யாரும் பார்க்கப் போவதில்லை. பூஜை அறைக் கதவை மூடும்போது கூடத்திலிருந்து ஒரு முகமும், திறந்து வைக்கும்போது மறுமுகமும் தெரியும். சாதாரணப் பிளேடின் பற்கள் கீழ்நோக்கியே வெட்டுவதால் மேல்முகம் சுத்தமாகவும் அடிமுகம் பிய்ந்தும் வரும். எதிர்ப்பல் பிளேடில் அடியில் உள்ள சில பற்கள் மேல்நோக்கி இருக்கும். பிளேடு மேலேறும்போது அவை அடிமுகத்தின் நார்களை உள்ளுக்குத் தள்ளி வெட்டுகின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பிளேடு தன் உச்சிக்கு ஏறும்போது அந்த எதிர்ப்பற்களில் இரண்டு மூன்றாவது மேசைமட்டத்துக்கு மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால், எதிர்ப்பல்லுக்குக் காசு கொடுத்து சாதாரணப் பிளேடாகவே ஓட்டியதாகிவிடும். பட்டறை இயந்திரத்தில் முதலில் மாட்டியபோது அவை மேசைக்குக் கீழேயே நின்றன. சக்கரத்தைக் கையால் சுழற்றி உச்சியில் நிறுத்திப் பார்த்து, பிளேடைக் கிளாம்பில் உயர்த்திப் பிடித்த பிறகே சரியாக அமைந்தது. வெட்டிய கழிவுத்துண்டின் அடிமுகத்தை இளைய ஆசாரி கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, மூத்தவரிடம் நீட்டினார். எதிர்ப்பல் கொஞ்சம் தூளை மேலேயும் கொண்டுவரும், கோடு மறையும். ஊதுகுழாய் வேலை செய்யாத இயந்திரமானால் இது எரிச்சலூட்டும்.

சுருள் பிளேடு பற்றிய விவாதம்

இயந்திரத்தின் வாய் ஆழம், அதாவது பிளேடிலிருந்து பின்தூண் வரையான தூரம், 16 அங்குலம். பலகையின் உயரமோ 24 அங்குலம். நடுவில் உள்ள திறப்புகளை வெட்டும்போது பலகை தடையின்றிச் சுழன்றது. மேல்முனை, கீழ்முனைத் திறப்புகளில் பலகையின் மறுகோடி இயந்திரத்தின் பின்தூணில் போய் முட்டியது. இதற்காகப் பட்டறையில் சுருள் பிளேடு வாங்கும் யோசனை இருந்தது. முறுக்கிய உடலைச் சுற்றிலும் பல் இருப்பதால் அது எந்தத் திசையிலும் வெட்டும். பலகையைத் திருப்ப வேண்டியதே இல்லை.

சுருள் பிளேடு இந்த வேலைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அது விடும் தடம் அகலமானது, சுவர் சொரசொரப்பானது, நேர்க்கோட்டில் நிற்காது; இழுவையில் நீளவும் செய்யும். முகம், நிலக்காட்சி போன்ற நுண்சித்திரங்களை மெல்லிய பலகையில் வெட்டுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். நாலு நூல் தேக்கில், விரல் நுழையாத கொடியிடுக்குகளில் சொரசொரப்பை அரத்தால் தேய்த்து எடுப்பது யாருடைய பொறுமைக்கும் அப்பாற்பட்ட வேலை.

அதற்குப் பதிலாக, துளையிடும் இடத்தை மாற்றினோம். பிளேடின் பல் நம்மைப் பார்த்திருக்கிறது. பலகையை நாம் பின்னால் தள்ளத் தள்ள, வெட்டு நம் பக்கமாக வளர்கிறது. ஆகவே மேல்முனைத் திறப்பானால், துளையைத் திறப்பின் மேல்நுனியில் போட்டு, இடச் சுவரைக் கீழ்நோக்கி அறுத்து முடித்து, பிளேடைத் துளைக்கே திரும்பக் கொண்டுவந்து, வலச் சுவரையும் அதேபோலக் கீழ்நோக்கி அறுத்து அடியில் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்யும்போது பலகையின் நீண்ட உடல் எப்போதும் நம் முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கும். பின்தூணுக்குப் போகவே போகாது. கீழ்முனைத் திறப்புகளுக்கு இதுவே தலைகீழ். மடங்கி உள்வாங்கும் சில இலைகளுக்கு இரண்டாவது துளை தேவைப்பட்டது. மொட்டைமுனைப் பிளேடாதலால் அந்தத் துளையும் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஊசிமுனை இருந்த காலத்தில் இந்த உபாயத்தை யோசிக்கவே இடமில்லை.

விறைப்பு, விலகல், கருகல்

மொட்டைமுனைப் பிளேடை முதன்முதலாக மாட்டியபோது வெட்டு கோணலாக வந்தது. மேல்முகத்தில் கோட்டின்மேல் இருந்த வெட்டு, அடிமுகத்தில் விலகி நின்றது. வளைவுகளில் பிளேடு வயிறு தள்ளியதே காரணம். முன்பு ஊசித்துளையில் ஒடிந்த பயத்தில் விறைப்பைத் தளர்த்தியே வைத்திருந்தார்கள். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் பிளேடு ஒரு நூலுக்கு மேல் அசையக் கூடாது. நகத்தால் மீட்டினால் மந்தமாக அன்றி, கணீரென்ற மெல்லிய ஒலி எழ வேண்டும். அந்த அளவுக்கு இறுக்கி, மூலைமட்டத்தை மேசையில் வைத்து பிளேடு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தபோது, மேசையே சற்றுச் சாய்ந்திருந்தது தெரிந்தது. மேசையில் பதித்திருக்கும் பாகைக் குறியை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்து வந்த முறையீடு, வெட்டு எப்போதும் வலப்பக்கம் ஓடுகிறது என்பது. இது பழுதன்று. பல் வெட்டியெடுக்கும்போது பிளேடின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், மெல்லிய பிசிறு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூர்மை மிகுவதால் பிளேடு அங்கே இழுக்கப்படுகிறது. கழிவுப் பலகையில் ஒரு நேர்க்கோட்டைப் போட்டு, பலகையைச் சில டிகிரி சாய்த்துத் தள்ளிப் பார்த்தால், பிளேடு எந்தச் சாய்வில் கோட்டோடு ஒத்துப்போகிறது என்பது கைக்குப் பிடிபடும். மேசை ரம்பத்தில் வழிகாட்டிக் கட்டையை ஒட்டித் தள்ளியே பழகியவர்களுக்கு இது முதலில் உறுத்தும்.

கருகல் முழுவதும் போகவில்லை. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு. அது எந்தப் பல்லையும் மழுக்கும். கடின மரத்தில் ஒரு பிளேடு அரைமணி நேரம் உழைத்தால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. இன்னும் ஒடியவில்லையே என்று மழுங்கியதை ஓட்டுவதே கருகலுக்கும் ஒடிவதற்கும் பொதுக்காரணம். பலகையின் மேல் அகலமான ஒளிபுகும் பேக்கிங் டேப்பை ஒட்டி அதன் வழியே வெட்டினால் உரசலும் சூடும் குறைகின்றன. வடிவம் வரைந்த தாளின் மேலேயே டேப்பை ஒட்டலாம். இதை முதலில் நம்பாத மூத்த ஆசாரி, பாதித் திறப்பு டேப்போடும் பாதி டேப் இல்லாமலும் வெட்டிப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றி ஒரு பெட்டி டேப் வாங்கி வரச் சொன்னார்.

பெயர்ப்பலகை

அக்ரிலிக்கில் சிக்கல் வேறு. வெட்டிக்கொண்டே போனால் பின்னால் உருகி ஒட்டிக்கொள்கிறது. எழுத்து விழுந்திருக்க வேண்டிய இடத்தில் பலகை முழுசாகவே நிற்கிறது. இங்கே நுண்ணிய பல் எதிரி. இடைவெளி விட்ட பெரிய பல்லும் குறைந்த வேகமும் வேண்டும். பாதுகாப்புத் தாளை உரிக்காமல் அதன்மேல் டேப்பும் ஒட்ட வேண்டும். எண் 7 அல்லது 9 நன்றாக ஓடும். ஆனால் மலையாள எழுத்துகளின் சுழிகள் அந்த அகலத்துக்கு இடம் தரவில்லை. தமிழ் எழுத்துகளுக்கு எண் 7, மலையாள எழுத்துகளின் உட்சுழிகளுக்கு எண் 5 என்று பிரித்து, வேகத்தை இயந்திரத்தின் குறைந்த எல்லைக்கு அருகே வைத்து வெட்டியதில் ஒட்டுதல் நின்றது.

பட்டறையில் நிலைத்த ஏற்பாடு

மூத்த ஆசாரிக்கு ஒரு மறுப்பு இருந்தது. அதைத் தள்ளிவிட முடியாது. மொட்டைமுனையை ஒவ்வொரு திறப்புக்கும் ஆலன் சாவியால் கழற்றி மாட்ட வேண்டும். ஒரு பலகையில் எத்தனை திறப்புகளோ அத்தனை முறை. கூலிக்கு நேரம்தான் பணம். எனவே ஊசிமுனையை அடியோடு விலக்காமல், பலகையின் ஓரங்களில் உள்ள பெரிய வளைவுத் திறப்புகளுக்கு மட்டும் அதைத் தொடர்வதென்று முடிவாயிற்று. அங்கே 5 மில்லிமீட்டர் துளை கழிவுப் பகுதிக்குள்ளேயே விழும், வளைவும் அகலமானது. ஆனால் 18 பல் உள்ளதை விடுத்து 10 பல் உள்ள ஊசிமுனைக்கு மாறினார்கள். கொடிக்கும் இலைக்கும் எதிர்ப்பல் உள்ள எண் 5. நுனிச் சுருள்களுக்கு மட்டும் எண் 3. எண் 3 மெல்லியது என்பதால் தள்ளும் வேகத்தைப் பாதியாக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்ட இடங்களில் அது வயிறு தள்ளியது.

சேமிப்பும் பேசப்பட்டது. ஜூன் முதல் குற்றாலத்தில் சாரல் இருக்கும் மாதங்களில் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் எஃகு ஒரு வாரத்தில் செம்மண் நிறம் காட்டும். பிளேடின் கனமே அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்னும்போது மேலோட்டமான துருவும் ஒடிவதற்குப் போதுமான காரணம். எண் 5-ஐ 144 கொண்ட குரோஸ் கணக்கிலும், மற்றவற்றை டஜன் கணக்கிலும் வாங்கி, மெல்லிய எண்ணெய் தடவிய தாளில் சுற்றி, எண் எழுதிய மூடிக்குழாய்களில் போட்டு வைத்தார்கள். மாட்டும் முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். தேக்கில் பட்டால் பாலீஷ் பிடிக்காது.

பசை அப்பிய பலகைகள் கதவில் ஏறவில்லை. அவற்றின் கொடிப்பகுதியை அறுத்துக் கழித்து, மிஞ்சியதைச் சிறிய விளக்கு மாடங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். புதுப் பலகைகள் ஆடி முடியும் முன் சட்டத்தில் ஏறின. பால் காய்ச்சும் நாளுக்கு முன்பாகக் கதவு புளியரைச் சோதனைச்சாவடியைக் கடந்து புனலூர் போய்ச் சேர்ந்தது. பெயர்ப்பலகைக்குப் பின்னால் விளக்கு வைக்க வேண்டும் என்று வீட்டார் பிறகு கேட்டதால், அதன் மரச்சட்டம் மட்டும் இன்னும் பட்டறையில் இருக்கிறது.